ஒட்டுத் தெரியாத விலங்கு

நிஸ்ரின் படத்தை இன்னும் பெரிதாக்கினாள். ஒட்டு எங்கேயும் தெரியவில்லை.

மாட்டுக்கு இருப்பதுபோலத் தடித்த மூக்கு. மூட்டை மாதிரி உடம்பு. வால் மட்டும் மீன் வால். பக்கத்தில், அலை நனைத்த மணலில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு மனிதன்.

உலகத்தில் இல்லாத ஒரு விலங்கைக் கணினியில் செய்ய வேண்டும். அதை வீட்டு ஆள் ஒருவருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். புத்தளத்தில் அவள் நடத்தும் டிசைன் வகுப்பில் இந்த மாதப் பயிற்சி அதுதான்.

மற்றவர்களுடையதைப் பார்த்தாயிற்று. நளீம் கழுதைக்கு மயில் தோகை ஒட்டியிருந்தான். கழுதை காலை வெயிலில் நின்றது, தோகை மத்தியான வெயிலில். றிஸ்மினாவின் ஆட்டுக்கு நண்டுக் கால். அதில் ஒன்று காற்றில் தொங்கியது. சிரித்துச் சிரித்துத் திருத்திக் கொடுத்தாள்.

இதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

செய்தவள் ஸுல்பிகா. கற்பிட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள். புருஷன் கடலுக்குப் போகிறவர். போன கிழமை ஒரு படத்திலிருந்து ரோசாப்பூவை வெட்டி எடுக்கச் சொன்னதற்குக் காம்பை விட்டுவிட்டுப் பூவை மட்டும் எடுத்தாள். அதற்கு ஏச்சு வாங்கி, அடுத்த வகுப்புக்கு ஒரு சட்டி இறைச்சிக் கறியும் ரொட்டியும் கொண்டுவந்து எல்லோரையும் சமாளித்தாள்.

அப்படிப்பட்டவளின் கையிலிருந்து இந்தப் படமா?

"எந்த ரெண்டு மிருகத்தச் சேத்தீங்க?"

"மாடும் மீனும் மிஸ்." ஸுல்பிகா திரையைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாடெண்டா கொம்பெங்க?" நளீம் பின்னாலிருந்து கேட்டான். "அதையும் கறிக்குப் போட்டுட்டீங்களா ராத்தா?"

வகுப்பே சிரித்தது. ஸுல்பிகா சிரிக்கவில்லை.

நிஸ்ரின் ஃபைலைத் திறந்து பார்த்தாள். வெட்டி ஒட்டிய துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி லேயராக இருக்க வேண்டும். இதில் இருந்தது ஒன்றே ஒன்று. விலங்கு, மனிதன், மணல், கடல் எல்லாம் ஒரே தாளாகக் கிடந்தன.

யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இன்டர்நெட்டில் எடுத்தது.

"களவெடுத்த படத்துக்கு சேர்ட்டிபிகேட் தர ஏலாது," என்றாள். "வகுப்பு முடிய நில்லுங்க."

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எல்லோரும் படியிறங்கிப் போனார்கள். ஸுல்பிகா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. எங்க எடுத்த?"

"அல்லாஹ்வாண, களவில்ல மிஸ். இது எங்கட புள்ளட வாப்பா." மணலில் சிரிக்கும் மனிதனைத் தொட்டுக் காட்டினாள்.

"அவர் சரி. இது?"

ஸுல்பிகா தொட்ட விரலை எடுத்துக்கொண்டாள்.

நிஸ்ரின் விலங்கின் முகத்துக்குக் கிட்டப் போனாள். ஈரத் தோலில் மணல் ஒட்டியிருந்தது. வாலில் கட்டிய கயிறு இறுகி, அந்த இடத்தில் தோல் மடிந்திருந்தது. சின்னக் கண்ணிலிருந்து நீர் ஒரு கோடாக வழிந்து, ஒட்டிய மணலை அரித்துக்கொண்டு இறங்கியிருந்தது.

அப்படியொரு கோட்டைக் கணினியில் போட அவளாலேயே ஏலாது.

"கடல் பசுவா இது? புடிக்கத் தடையாச்சே?"

ஸுல்பிகா படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மெதுவா மிஸ்."

வலையில் வந்து மாட்டியதாம். கூடப் போனவன் வட்ஸ்அப்பில் படத்தைப் போட்டுவிட்டானாம். வனஜீவராசிகள் ஆபீஸிலிருந்து நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார்களாம்.

"கம்பியூட்டர் வகுப்புல நான் செஞ்ச படமெண்டு சொல்லிட்டன் மிஸ். அவங்கள்ட்ட இருக்கிறது மங்கல். தெளிவான படத்த நாளைக்கு இங்க வந்து பாக்கிறாங்களாம். உங்கள்ட்டயும் கேப்பாங்க. இவர உள்ளுக்குப் போட்டா புள்ளைகள வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ற?"

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒட்டுத் தெரியக் கூடாதெண்டு படிப்பிச்சுத் தந்தீங்க. இதுல தெரியணும் மிஸ். அந்த நளீம்ட கழுத மாதிரி, பாத்த ஒடன சிரிப்பு வரணும்."

நிஸ்ரின் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இத்தனை நேரம் அவள் தேடியதைத்தான் இவள் செய்து தரச் சொல்கிறாள்.

"பொய் சொல்ல என்னால ஏலாது ஸுல்பிகா. அத உயிரோட கடல்ல விட்டிருந்தா சொல்லுங்க. நானே அவங்களோட கதைக்கிறன். விட்டுட்டாங்கதானே?"

ஸுல்பிகா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிரட்டுகிறாளா, உண்மையிலேயே வியக்கிறாளா என்று பிடிபடாத பார்வை.

"என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறீங்க? அண்டைக்குக் கறி நல்லாயிருக்கெண்டு ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திண்டது நீங்கதானே."