மூன்றாம் படி

"இந்தப் பொஸ்தகத்தை எழுதுன மகராசன் நீதானா?"

வாசலில் நின்று மங்கை போட்ட சத்தத்தில் தண்டையார்பேட்டையின் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. காப்பி டம்ளரும் கையுமாக வெளியே வந்த கருணாகரன் அட்டையைப் பார்த்தார். 'உயர்வுக்கு இருபத்தொரு படிகள்'. அவருடையதேதான். ஆறு பதிப்பு வந்த புத்தகம். மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமாம்மா. கையெழுத்து வேணுமா?"

"கையெழுத்தா! எங்கூட்ல அடுப்பு ஒழுங்கா எரிஞ்சு பதினோரு நாளாவுது, கையெழுத்து போடறாராம் கையெழுத்து!"

மங்கை கல்மண்டபத்தில் மீன் விற்கிறவள். கடல் கொந்தளிப்பில் கட்டுமரமெல்லாம் கரையேறிக் கிடக்க, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். புருஷன் தேசப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கொண்டுவந்தால்தான் உலையில் அரிசி. அவனோ பதினோரு நாளாகப் போகிறான், வெறுங்கையோடு வருகிறான். ரெண்டு பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக் கஞ்சியில் உயிர் பிழைத்துக் கிடக்கின்றன. எல்லாம் பன்னெண்டணா கொடுத்து வாங்கிய இந்தப் பாழாய்ப்போன புத்தகத்தால்!

"என்ன நடந்தது? பதறாமச் சொல்லும்மா."

"மூணாம் படின்னு இன்னா எழுதிக்கீறே? 'எவன் முன்னாலும் குனியாதே, நிமிர்ந்து நில்.' இதானே? எனுக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஆளு தெனம் தெனம் கத்திக் கத்திப் படிச்சதுல எனுக்கே மனப்பாடமாயிடுச்சு."

விஷயம் இதுதான். துறைமுக வாசலில், கூலியாட்களை வேலைக்கு எடுக்கும் மிஸ்திரி கிருஷ்ணப்பன் பித்தளை வில்லை கொடுப்பான். வில்லை கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை. கிடைக்காதவன் வீட்டைப் பார்க்க நடக்க வேண்டியதுதான். அதை வாங்குவதற்கென்று ஒரு முறை உண்டு. தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டி, முதுகை வளைத்து, ரெண்டு கையையும் ஏந்த வேண்டும். மூன்றாம் படி படித்த மறுநாள் தேசப்பன் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு ஒரு கையை நீட்டினான். மிஸ்திரி அவனைத் தாண்டி அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் தாண்டிக்கொண்டேதான் இருக்கிறான்.

"பொறுமை வேணும்மா," என்றார் கருணாகரன். "அரைகுறை மனசோட இருக்கறவங்களுக்கு என் புத்தகம் பலன் தராது. உன் புருஷன் முழு நம்பிக்கையோட நிக்கலேன்னு நினைக்கிறேன்."

மங்கைக்கு வந்ததே கோபம்!

"நம்பிக்கையா? உன் பேச்சை நம்பித்தான்யா அந்த ஆளு பதினோரு நாளா வெறும் வயித்தோட நிமிந்து நிக்குது! கொஞ்சம் குனிஞ்சு தொலையேன்னு நான் கால்ல விழாத குறையா கெஞ்சிட்டேன். மாட்டேங்குது. நீ இங்க குந்திகினு காப்பி குடிச்சிகினு அது மேலயே பழி போடறியே, உனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா? வா! நீயே வந்து மிஸ்திரியாண்ட பேசி ஒரு வில்லை வாங்கிக் குடு, பாப்போம்!"

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கருணாகரன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நியாயத்தை எடுத்துச் சொன்னா கேட்காத மனுஷன் உண்டா? வாம்மா."

மத்தியான ஷிப்டுக்கு வில்லை கொடுக்கிற நேரத்துக்கு ரெண்டு பேரும் துறைமுக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வரிசையின் கடைசியில் தேசப்பன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. முதுகு மட்டும் நேராக இருந்தது. கருணாகரனுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நேரே மிஸ்திரியிடம் போனார்.

"என் பேர் கருணாகரன். நான் ஒரு எழுத்தாளன்..."

"எந்தக் கருணாகரன்? இருபத்தொரு படி எழுதுன கருணாகரனா?"

ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்த கிருஷ்ணப்பன், அத்தனை கூலிக்காரர்கள் முன்னாலும் அவர் காலில் தடாலென்று விழுந்தான்.

"தெய்வமே! நானும் மூட்டை தூக்குனவன்தான் சார். உங்க பொஸ்தகத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் மிஸ்திரி ஆனேன்!"

மங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, இன்றைக்கு வீட்டில் சோறு!

"ரொம்ப சந்தோஷம்ப்பா," என்றார் கருணாகரன், குரலில் பழைய தெம்போடு. "அப்ப அந்தத் தேசப்பனுக்கு ஒரு வில்லை குடுத்துடு. அவனும் என் புத்தகத்தைப் படிச்சுட்டுத்தான் நிமிர்ந்து நிக்கிறான்."

"தெரியும் சார். பாத்தவுடனே கண்டுபுடிச்சிட்டேன். அது மூணாம் படி. நான் இப்ப பதினெட்டுல கீறேன். 'உனக்குக் கீழே இருப்பவன் தலை நிமிர்ந்தால் அன்றே தட்டி வை.' அதான் தட்டி வச்சிக்கீறேன்."

அப்படி ஒரு படி எழுதியதே கருணாகரனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அடப்பாவி!" என்றாள் மங்கை. "இவனுக்கும் நீதான் எழுதிக் குடுத்தியா?"

கருணாகரன் மிஸ்திரியைப் பார்த்து ரெண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"தப்பா எழுதிட்டேன்ப்பா. புள்ளைங்க பட்டினியாம். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், இந்த ஒரு தடவை குடுத்துடு."

கிருஷ்ணப்பன் பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"என்னைச் சோதிச்சுப் பாக்கறீங்க, புரியுது சார். 'எடுத்த முடிவை எவர் வந்து கெஞ்சினாலும் மாற்றாதே.' இருபத்தோராம் படி. நீங்க எழுதுனதை நீங்களே வந்து மீறச் சொன்னாலும் நான் மீற மாட்டேன்!"