மச்சினன் வாங்கிய கார்

மனைவியின் தம்பி சின்னதுரை பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியதிலிருந்து மெக்கானிக் அரியமுத்துவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. பெரம்பலூரில் பாதிக் கார்களைப் பழுது பார்த்தவனுக்கு இன்னும் சைக்கிள்தான்.

"மாமா, அரியலூர் ரோட்டுல வண்டி குலுங்குனா ஆயில் லைட்டு மினுக்கு மினுக்குங்குது."

"என்ஜின் போயிருக்கும் மாப்ள. வந்த வெலைக்குத் தள்ளிவுட்டுரு," என்றான் அரியமுத்து ஆசையோடு.

பானெட்டைத் திறந்தான். ஆயில் சரியாகத்தான் இருந்தது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த இரும்புக் கம்பி ஒன்று உள்ளே தொங்கி, ஆயில் லைட் ஒயரின் முனையில் உரசிக்கொண்டிருந்தது.

"திருஷ்டிக் கம்பிய இங்க எவன்டா கட்டுனது?"

சின்னதுரை தயங்கினான். "அக்காதான் மாமா. வெளியில கட்டுனா நீங்க பாத்துருவீங்களாம்."

"பாத்தா என்னவாம்?"

"ஒங்க கண்ணு படக் கூடாதுன்னுதான் கட்டுச்சு."