மேடையில் கொடுத்த கை

“எம்புள்ள பொய் சொல்லுதவன் இல்ல சார். அந்த மனுசன் மேடையேறி எத்தன பொன்னாடை வேணும்னாலும் வாங்கட்டும், நா வேண்டாங்கல. அதுக்கு முன்னால எம்புள்ள மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லணும்.”

ஜாஹிரா பீவி கல்யாண மண்டபத்து வாசலிலேயே பெலிக்ஸை மறித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் மகன் சமீர், காலில் மாவுக்கட்டும் கக்கத்தில் ஊன்றுகோலுமாக நின்றான். சாரணர் சட்டை போட்டிருந்தான். கழுத்தில் ஸ்கார்ஃப் மட்டும் இல்லை. அதைத்தான் பாண்டிராஜ் ஆஸ்பத்திரிக்கே வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாரே, மகராசன்.

பாண்டிராஜ் அந்தத் தென்காசிச் சாரணர் குழுவுக்குத் தலைவர். பெலிக்ஸ் அவருக்கு அடுத்த ஆள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையைப் பூட்டிவிட்டு, சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லாமல் பிள்ளைகளோடு கிடப்பார்.

சாரல் ஆரம்பித்ததும் குற்றாலத்தில் முகாம் போட்டார்கள். பெலிக்ஸ் பிள்ளைகளுக்கு டிபன் வாங்கப் போயிருந்த நேரத்தில் அருவித் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்க ஆரம்பித்தது. பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டிய பாண்டிராஜ் என்ன செய்தார் தெரியுமா? ஃபேஸ்புக்கில் போட ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்று எல்லோரையும் பாறை மேல் நிறுத்தினார். சமீர் வழுக்கி விழுந்தான். தண்ணீர் இழுத்த இழுப்பில் கால் முறிந்தது. உயிர் பிழைத்ததே அல்லாஹ் போட்ட பிச்சை.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. பையன் சொல் பேச்சுக் கேட்காமல் தண்ணீருக்குள் ஓடினான் என்று ஊரெல்லாம் சொன்னார். குழுவை விட்டே நீக்கினார். துபாயிலிருந்து ஜாஹிராவின் புருசன் போன் போட்டு, பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார் என்று அவளை ஏசினான். சமீர் யாரையும் ஏசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, “நா இனிமே ஸ்கவுட்டே இல்லயா உம்மா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கூட இருந்த பிள்ளைகள் உண்மையைப் பெலிக்ஸிடம் சொல்லியிருந்தார்கள். அவர்தான் இன்றைக்கு சமீருக்கு உடுப்பு மாட்டிக் கூட்டிவரச் சொன்னவர்.

“மைக்ல சொல்லுதேன்க்கா. நடந்தத நடந்தபடி, எல்லாரு முன்னாடியும் சொல்லுதேன்,” என்றார் பெலிக்ஸ்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி ஜாஹிரா மகனோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பாண்டிராஜின் சேவையைப் பாராட்டித்தான் விழா. ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுரண்டைக் கடைக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றும் மனிதர் என்று நெக்குருகிப் பேசினார். ஜாஹிரா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். இல்லையென்றால் அங்கேயே நாலு கேட்டிருப்பாள்.

கடைசியாகப் பெலிக்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் ஏறிப் போய் மைக்கைக் கேட்டார். மைக்கை வைத்திருந்தவன் பாண்டிராஜின் மச்சினன் கைலாசம். சும்மா கொடுத்துவிடுவானா? நேரமாகிவிட்டது, சாப்பாட்டுக்குப் பந்தி போட்டாயிற்று என்று மழுப்பினான்.

“பேச்செல்லாம் எதுக்கு அண்ணாச்சி? தலைவருக்குக் கையக் கொடுத்துட்டு எறங்குங்க,” என்றான், மைக்கிலேயே.

பெலிக்ஸ் ஒரு கணம் நின்றார். பிடுங்கு, அந்த மைக்கைப் பிடுங்கிப் பேசு என்று ஜாஹிரா மனசுக்குள் கத்தினாள். பெலிக்ஸ் பிடுங்கவில்லை. நேராகப் பாண்டிராஜிடம் போனார், வலது கையை நீட்டினார், குலுக்கினார். பாண்டிராஜின் முகம் சுண்டிப்போனது. மனுசருக்கு எவ்வளவு கூச்சம் பார் என்று முன்வரிசையில் யாரோ மெச்சினார்கள். மண்டபமே கை தட்டியது. பெலிக்ஸ் பின்னாலேயே சாரணப் பிள்ளைகளும் வரிசையாக ஏறி, அவர் கொடுத்த மாதிரியே கை கொடுத்துவிட்டு இறங்கினார்கள்.

த்தூ, இவ்வளவுதானா என்று இருந்தது ஜாஹிராவுக்கு. வாசலில் அத்தனை வாய்ப் பேச்சு, மேடைக்குப் போனதும் கூழைக் கும்பிடு. வாலே போவோம் என்று மகனை எழுப்பினாள். அவன் எழுந்து நின்றான், நகரவில்லை. கன்னமெல்லாம் கண்ணீராக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெலிக்ஸ் அவர்களை நோக்கித்தான் வந்தார். பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். சமீரின் முன்னால் நிமிர்ந்து நின்று கையை நீட்டினார். இடது கையை.

ஜாஹிராவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நீட்டிய கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். பந்திக்குக் கிளம்பிய கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“அந்த ஆளுக்குச் சோத்துக் கை, எம்புள்ளைக்குப் பீச்சாங்கையா? இப்படி அசிங்கப்படுத்தத்தான் எங்கள வரச் சொன்னீயளா?”

பெலிக்ஸ் மறுபடியும் அதே கையை நீட்டினார். அவர் பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லோரும் இடது கையையே நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சமீர் ஊன்றுகோலை வலது கக்கத்துக்கு மாற்றினான். இடது கையால் பெலிக்ஸின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“சும்மா இரி உம்மா. ஸ்கவுட்டுக்கு ஸ்கவுட்டு பீச்சாங்கைதான் கொடுப்போம்,” என்றான். “சோத்துக் கை, ஸ்கவுட்டா இல்லாத ஆளுக்கு.”