கும்பிடும் பொம்மையின் பொறாமை

தங்கபுஷ்பத்தின் செல்போனுக்குள்ளே ‘மன்னிச்சிருங்க’ என்கிற வார்த்தையும், கைகூப்பிக் கும்பிடுற பொம்மையும் குடியிருந்துச்சுங்க. பொம்மைக்கு ஓயாத வேலை. பிறந்தநாளோ சாவோ, எல்லாத்துக்கும் அதுதான் போகும். வார்த்தைக்கு வயிறு எரியும்.

“ஊரெல்லாம் சுத்திட்டு வர்றே, மகாராசா. என்னை எவ கூப்பிடுறா?”

“உன்னை எழுதி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும்க்கா. நான் ஒரு தட்டுல போயிருவேன்ல?” என்று பொம்மை இளிச்சுது.

தங்கபுஷ்பம் மகளுக்குக் காதுகுத்து வந்தது. அண்ணனை நேரில் போய் வெத்தலைபாக்கு வச்சு அழைக்காமல், பத்திரிகையைப் படமாக அனுப்பிவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டு, “வரமாட்டேன்” என்று எழுதிவிட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறது?

உடனே பொம்மையை அனுப்பினாள். பார்த்தார், பதில் இல்லை. இன்னொரு தரம் அனுப்பினாள். அதுக்கும் இல்லை.

கடைசியில் வார்த்தையை எழுதினாள், அழித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப எழுதினாள். அனுப்பினாள்.

“வர்றேன்” என்று பதில் வந்தது.

வார்த்தை பெருமையாக வீடு திரும்புச்சு. பொம்மை இளிக்கலை. “அக்கா, உன்னை எழுதுறப்ப அவ விரல் நடுங்குச்சே,” என்றது. “எனக்கு ஒரு நாளாச்சும் நடுங்கியிருக்கா?”