மிஸ் யூ

ஊருக்குக் கிளம்பிய வீட்டுக்காரர்கள், வாசலில் தொங்கிய கூண்டுக்குள் விரலை நீட்டி, "மிஸ் யூ டா செல்லம்" என்று கிளியைக் கொஞ்சினார்கள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். கிண்ணத்துத் தினை மறுநாளே தீர்ந்துவிட்டது.

எதிர் மரத்து அணில் கொய்யாத் துண்டோடு வந்தது.

"எனக்கு வேண்டாம். அவங்க வந்துடுவாங்க. மிஸ் யூன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றது கிளி.

"அப்படின்னா?"

"நீ இல்லாம எங்களால இருக்க முடியாதுன்னு அர்த்தம். இங்கிலீஷு. உனக்குப் புரியாது."

அணில் பூட்டைப் பார்த்தது. "அப்புறம் எப்படி இருக்காங்க?"

கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அணில் கொய்யாவைக் கம்பிக்குள் தள்ளிவிட்டு, கூண்டின் மேலேயே உட்கார்ந்தது.

பொழுது சாய்ந்தபோது கிளி வாயைத் திறந்தது. அவர்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. வெறும் கிளியாகக் கத்தியது.