வட்டம் போட்ட சட்டை

புருசன் உடையப்பனின் வெள்ளைச் சட்டையில் ரப்பர் கொட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, நூலால் இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள் ராக்காயி. அடுப்பில் மண்ணெண்ணெய்த் தகரம் நிறையச் சிவப்புச் சாயம் கொதித்தது.

“புதுப் பொண்ணு கெட்டுச்சு போ! அண்ணே மேல இம்புட்டு ஆசையாக்கா?” பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் வாயைப் பிளந்தாள்.

“ஆசையுமில்ல, தோசையுமில்ல. அந்த ஆளு கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்கினா எனக்கு இங்கேருந்தே தெரியணும்.”

விஷயம் அதுதான். ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து மேட்டில் நின்று பார்த்தால் பள்ளத்துக் கள்ளுக்கடை நன்றாகவே தெரியும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை. அவள் இறங்கி ஓடுவதற்குள் உடையப்பன் குறுக்கு வழியில் வீட்டுக்கு வந்து, வாய் நிறைய வெற்றிலையை மென்றுகொண்டிருப்பான். கேட்டால், “வெள்ளச் சட்ட போட்டவனெல்லாம் ஒன் புருசனா?” என்பான்.

இனிக் கள்ளைத் தொடுவதில்லை என்று போன மாதம்தான் மாரியம்மன் முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். மீறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பீடோரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக அவளும் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அவனை விட்டுப் போக மனசில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

சட்டை காய்ந்தது. முடிச்சுகளை அவிழ்த்ததும் சிவப்பு முழுக்க வெள்ளை வட்டங்கள். மாட்டிப் பார்த்த உடையப்பனுக்கு முகம் கோணியது.

“என்னா புள்ள, கோமாளி கணக்கா இருக்கு?”

“இனி வெளிய போனா இதான். கழட்டுனே, நான் பீடோருக்குப் போயிடுவேன்!”

அந்தச் சட்டையோடேயே தஞ்சோங் ரம்புத்தான் டவுனுக்குப் போனான். திரும்பும்போது சீட்டியடித்துக்கொண்டு வந்தான். சட்டை பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கருப்பம்மாள் ஒரு வெள்ளைச் சட்டையோடு வந்தாள். “எங்காளுக்கும் இதே மாதிரி வேணுமாம்க்கா. ரப்பர்ப் பால் கொட்டகையில அண்ணே ஒங்க கைவேலையப் பத்தி ஒரே பேச்சாம்லா!”

ராக்காயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பை ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொல்லாத மனுசன், ஊரெல்லாம் தன்னைப் புகழ்கிறானாமே! இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூடத் தோன்றியது.

அடுத்து நவமணி வந்தாள், பிறகு நல்லம்மாள், பிறகு கடைசி வீட்டு மங்களம். ஆளுக்கொரு சட்டை, ஆளுக்கொரு சாயப்பொட்டலம். எல்லாம் டவுன் ஜைனுலாப்தீன் கடைப் பொட்டலம்தான். பெருமை யாரை விட்டது? விரல் சிவக்கச் சிவக்க முடிந்து கொடுத்தாள்.

சம்பள நாள் வந்தது. “கோயில் பக்கம் போயிட்டு வாரேன்” என்று உடையப்பன் கிளம்பினான். பொழுது சாயும் நேரத்தில் ராக்காயி மேட்டுக்குப் போய், நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

கள்ளுக்கடை முழுக்கச் சிவப்பு. பெஞ்சுக்குப் பெஞ்சு வெள்ளை வட்டம். அத்தனையும் அவள் போட்ட முடிச்சு. அதில் ஒரு சட்டை எழுந்து இன்னொரு குவளை வாங்கப் போனது, எவள் புருசனோ.

பக்கத்தில் கருப்பம்மாளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். “இதுல எங்காளு எதுன்னே தெரியலியேக்கா!”

“ஒங்க ஆம்பளைங்களுக்கெல்லாம் எங்கேருந்துடி வந்துச்சு இந்தச் சட்ட ஆச?” ராக்காயி பல்லைக் கடித்தாள்.

“எங்கேருந்து வந்துச்சா? வீடு வீடா சாயப்பொடி வாங்கிக் குடுத்ததே ஒங்க வீட்டு அண்ணேதானே!”