துடைத்த பாதம்

பெரிய வெள்ளியன்று உபதேசியார் மரியசூசை சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைத் தாங்கி நிற்க, ஊரே வரிசையில் வந்து ஆண்டவரின் பாதத்தை முத்தமிட்டது. பத்துப் பேருக்கு ஒருமுறை துணியால் துடைப்பது அவர் வழக்கம். அப்போதுதான் துடைத்திருந்தார். கல்லறைக் குழி வெட்டும் சபீனாள் முத்தமிட்டு நகர்ந்தாள். அடுத்து நின்ற இஞ்ஞாசியம்மாள் குனியவில்லை. போன மாதம் அவள் கணவருக்குக் குழி வெட்டியதும் சபீனாள்தான்.

“துடைச்சிட்டுக் காட்டுங்க, உபதேசியாரே.”

அவர் வாய் திறக்குமுன் கை துடைத்துவிட்டது. சபீனாள் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியேறினாள். அதன்பின் அவர் ஒவ்வொருவருக்கும் துடைத்தார். கடைசியாகத் தம் முறை வந்தபோது குனிந்தார். உதடு பாதத்துக்குப் போகவில்லை. சபீனாளின் முத்தத்தைத் துடைத்த, கையிலிருந்த ஈரத்துணிக்குப் போனது.